எந்த மருந்து என்பதை மூளைப் படம் சொல்லுமா?

மனச்சோர்வுக்கு முதல் மாத்திரையை எழுதும் மருத்துவர் தம் அனுபவத்தையும் ஓரளவு ஊகத்தையும் நம்பித்தான் எழுதுகிறார். அது வேலை செய்கிறதா என்று தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவார், அல்லது மருந்தை மாற்றுவார்; மறுபடியும் அதே காத்திருப்பு. அமெரிக்காவில் 4,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடத்திய ஸ்டார்-டி ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. முதலில் கொடுத்த சிட்டலோபிராமிலேயே நோய்க்குறிகள் நன்றாகத் தணிந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான். மற்றவர்களுக்கு அந்த வாரங்கள் வெறும் தாமதமாகக் கழியவில்லை. படுக்கையை விட்டு எழ முடியாத ஒருவர் பக்கவிளைவுகளை மட்டும் சுமந்துகொண்டு, ‘எனக்கு எதுவுமே கேட்காது’ என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடிய வாரங்கள் அவை.

மூளையைப் படம் எடுத்தால் முன்கூட்டியே தெரிந்துவிடாதா என்ற கேள்வி இந்த வேதனையிலிருந்து பிறந்தது. அதனாலேயே அது மரியாதைக்குரியது. அந்த மரியாதையோடுதான், அதற்கு இதுவரை கிடைத்திருக்கும் பதிலைக் கறாராக எடைபோட வேண்டும்.

1997இல் நரம்பியல் மருத்துவர் ஹெலன் மேபர்க் குழுவினர் சில நோயாளிகளுக்கு பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நெற்றிக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கும் முன் சிங்குலேட் புறணியின் ஒரு பகுதி, சிகிச்சைக்கு முன்பே அதிகச் சுறுசுறுப்பாக இருந்தவர்கள் பின்னர் குணம் கண்டார்கள். மந்தமாக இருந்தவர்களுக்கு மருந்து கேட்கவில்லை. எண்ணிக்கை மிகச் சிறியது. ஆனால் அதன்பின் வேறு குழுக்கள், வேறு கருவிகளைக் கொண்டும் இதே இடத்தில் இதே போக்கைக் கண்டன. இந்தத் துறையில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்த முடிவுகள் குறைவு.

அந்த இடம் உண்மையில் எதைச் சொல்கிறது என்பதில்தான் சிக்கல். அமெரிக்காவில் நான்கு மையங்களில் நடந்த எம்பார்க் ஆய்வில் ஒரு பகுதியினருக்கு செர்ட்ராலினும், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் தரப்பட்டன. 2018இல் வெளியான அதன் ஒரு பகுப்பாய்வில், இ.இ.ஜி. என்ற மூளை மின்னலைப் பதிவிலிருந்து கணித்த அதே சிங்குலேட் பகுதியின் செயல்பாடு, யார் தேறுவார் என்பதை ஓரளவு முன்னறிவித்தது. ஆனால் செர்ட்ராலின் சாப்பிட்டவர்களைப் போலவே போலி மாத்திரை சாப்பிட்டவர்களையும் அது முன்னறிவித்தது. எந்த வழியிலாவது தேறக்கூடியவர் இவர் என்பதைத்தான் அது காட்டியது; இந்த மருந்து இவருக்குக் கேட்கும் என்பதை அன்று. இரண்டும் ஒன்றல்ல. நோயாளி வந்து நிற்பது ‘எனக்கு எது?’ என்ற கேள்வியோடு. ‘நீங்கள் தேறக்கூடிய ஆள்’ என்பது அவருக்கு ஆறுதலாக இருக்கலாம், மருந்துச் சீட்டில் என்ன எழுதுவது என்று மருத்துவருக்கு உதவாது. எல்லோருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து, தேறியவரையும் தேறாதவரையும் ஒப்பிடும் ஆய்வுகளால் இந்த வித்தியாசத்தைக் காணவே முடியாது. அத்தகையவை நிறைய வந்துள்ளன, அவற்றின் தலைப்புகளோ மருந்தைத் தேர்ந்தெடுக்க வழி கண்டுவிட்டதாக ஒலிக்கின்றன. இது எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது.

சரியான கேள்வியைக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் மேபர்க் பங்கேற்ற ஆய்வு 2013இல் வெளியானது. ஸ்கேன் எடுத்தபின் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு எஸ்சிட்டலோபிராமும் மறு பிரிவுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் தந்தார்கள். மூளையின் வலப்பக்க இன்சுலா என்ற பகுதியின் முன்பாகம் மந்தமாக இருந்தவர்கள் அந்தப் பேச்சுவழிச் சிகிச்சையில் நலமடைந்தார்கள், மாத்திரையில் சரியாகத் தேறவில்லை. அது சுறுசுறுப்பாக இருந்தவர்களிடம் நேர்மாறு. ஒரே அளவீடு இரண்டு திசைகளில் வழிகாட்டுகிறது. சிகிச்சையைத் தேர்வு செய்ய உதவும் அறிகுறி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பயன்படுத்தத்தக்க ஸ்கேனும் தெளிவான விளைவும் கிடைத்து, பகுப்பாய்வில் நின்றவர்கள் 38 பேர்தான். இத்தனை சிறிய எண்ணிக்கையை நம்பி ஒருவருடைய சிகிச்சையை முடிவு செய்ய முடியாது. இந்த ஆய்வின் வடிவத்தை மெச்சுகிறேன்; அதன் முடிவை இன்னும் கடன் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

எண்ணிக்கை கூடினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2017இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எஃப்.எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்த குழு ஒன்று, மனச்சோர்வு நான்கு உள்வகைகளாகப் பிரிகிறது என்றும், காந்தத் தூண்டல் சிகிச்சை யாருக்குப் பலன் தரும் என்பதை அந்த வகை காட்டும் என்றும் அறிவித்தது. பெரும் பரபரப்பு. 2019இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வேறு நோயாளிகளிடம் அதே கணக்குமுறையைப் பின்பற்றிப் பார்த்தார்கள். அந்த வகைகள் உண்மையிலேயே இருக்கின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு படத்தில் பல்லாயிரம் அளவீடுகள். அத்தனையையும் கணினியிடம் ஒப்படைத்தால் ஏதாவது ஓர் ஒழுங்கை அது கண்டெடுக்கத்தான் செய்யும். முன்பின் பார்த்திராத நோயாளியிடம் அந்த ஒழுங்கு நிற்கிறதா என்பதே தேர்வு.

ஸ்கேனுக்கு இன்னொரு போட்டியாளரும் உண்டு: கேள்வித்தாள். ஸ்டார்-டி தரவிலிருந்து 25 கேள்விகளை மட்டும் எடுத்து உருவாக்கிய கணினி மாதிரி, சிட்டலோபிராமில் யார் நலமடைவார் என்பதைச் சுமார் 65 விழுக்காடு சரியாகச் சொன்னதாக 2016இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்தக் கேள்விகளைக் கேட்கக் காகிதமும் பேனாவும் போதும். இயந்திர நேரமும் தேர்ந்த ஆட்களும் வேண்டிய மூளைப் படம், இதைவிட எவ்வளவு கூடுதலாகச் சொல்கிறது என்பதை ஒவ்வோர் ஆய்வும் காட்டியாக வேண்டும். பல ஆய்வுகள் அந்த ஒப்பீட்டையே செய்வதில்லை.

ஆராய்ச்சி இந்த நிலையில் இருக்கும்போதே அமெரிக்காவில் சில தனியார் மருத்துவமனைகள் வண்ண மூளைப் படங்களைக் காட்டிச் சிகிச்சை சொல்லிப் பணம் வாங்குகின்றன. மனநோய்களைக் கண்டறியவோ சிகிச்சையைத் தேர்வு செய்யவோ மூளைப் படங்கள் இன்னும் தயாராகவில்லை என்று 2018இலேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நிபுணர் குழு தெளிவாக எழுதிவிட்டது. கட்டியையோ ரத்தக் கசிவையோ சந்தேகித்து எடுக்கும் ஸ்கேன் வேறு விஷயம். மருந்தைத் தேர்ந்தெடுக்க என்று சொல்லி, நொந்துபோன குடும்பத்திடம் படத்துக்குக் காசு கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

செய்ய வேண்டிய சோதனை என்ன என்பதில் மர்மம் எதுவும் இல்லை. சில ஆயிரம் பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஸ்கேன் சொல்லும் சிகிச்சையையும், மீதிப் பேருக்கு மருத்துவர் வழக்கம்போல் தேர்ந்தெடுக்கும் சிகிச்சையையும் கொடுத்து, எட்டு வாரம் கழித்து எந்தப் பக்கம் அதிகம் பேர் தேறியிருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். செலவு மிகும், மெதுவாகத்தான் நடக்கும், ஒரு பல்கலைக்கழகத்தால் தனியாகச் செய்ய முடியாது. அந்தச் செலவை ஏற்க வேண்டியவை அரசுகளும் ஆய்வு நிதி நிறுவனங்களும். அந்தச் சோதனை முடியும்வரை ஸ்கேன் கட்டணம் நோயாளியின் தலையில் விழக் கூடாது.