கையொப்பமில்லாக் கட்டடக் கலை

கட்டடக் கலைஞர் ஒருவரை அவர் எழுப்பிய கட்டடங்களைக் கொண்டே மதிப்பிடுதல் திறனாய்வாளர் மரபு. இலங்கையின் இக்காலக் கட்டடக் கலையைப் பற்றி எழுதுவோர் ஜெப்ரி பாவாவையும் மினெற் டி சில்வாவையும் போற்றுவர், அது தக்கதே. ஆயின் சொலமன் அருளானந்தம் டேவிட் என்னும் பெயரை அவ்வெழுத்துக்களிற் காண்டல் அரிது.

கரம்பனிற் பிறந்து மெல்பேண் பல்கலைக்கழகத்திற் கட்டடக் கலை பயின்ற டேவிட், வருவாய் மிக்க தொழில்வழியை விடுத்து, மருத்துவர் இராசசுந்தரத்துடன் வவுனியாவிற் காந்தீயம் இயக்கத்தை வளர்த்தார். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் வீடிழந்த மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வன்னியிற் குடியேற அவ்வியக்கம் துணைநின்றது. பயிர் செய்ய நிலம், பிள்ளைகட்குப் பாலர் பாடசாலை: இவையோ கட்டடக் கலை என வினவுவார் உளர். வினா நியாயமானதே. கண்டி வட்டப்புளுவவில் 1958இல் வீடமைத்த மினெற் டி சில்வா, குடிவருவோரின் விருப்பங்களை முன்னரே கேட்டறிந்து வரைபடம் தீட்டினார். வன்னிக்கு வந்தோரைக் கேட்டிருந்தால், வீட்டுக்கு முன் நிலத்தையும், நிலத்துக்கு முன் அச்சமற்ற இரவையுமே கேட்டிருப்பர். அக்கேள்விக்கு விடை தேடுதலும் கட்டடக் கலைஞன் கடமையே என்பது என் கருத்து. கோட்டேயில் பாவாவின் செப்புக் கூரை நாடாளுமன்றம் 1982இல் திறக்கப்பெற்றது. காட்டோரக் குடியிருப்புகள் வேர்கொள்ள முயன்றதும் அவ்வாண்டுகளிற்றான்.

எனினும் குறை கூறாது விடுதல் திறனாய்வாகாது. நிலத்தைத் தேர்தல் இக்கலையின் முதற் பாடம். காந்தீயம் மக்களைக் குடியமர்த்திய டொலர் பண்ணையும் கென்ற் பண்ணையும் முல்லைத்தீவின் தென்னெல்லையில், இரு இனங்களும் உரிமை கோரிய நிலத்தில் அமைந்தவை. 1984இல் அக்குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அங்கே குடியமர்த்தப்பட்ட சிங்களச் சிறைக்கைதிகளிற் பலர் அவ்வாண்டு நவம்பரில் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். ஏதிலிகளை எல்லையிற் குடியேற்றல் அவர்களை மீண்டும் இடருக்குள்ளாக்காதா என்னும் வினாவைக் காந்தீயத்தைப் போற்றுவோர் பெரும்பாலும் தவிர்ப்பர். வேறு நிலம் கிடைத்திலது என்பது விடையின் ஒரு பாதியே.

டேவிட் அப்போது அங்கில்லை. 1983 ஏப்பிரலில் இருவரும் கைதாயினர். யூலையில் இராசசுந்தரம் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறையினின்றும் தப்பிய டேவிட், பல்லாண்டுகள் சென்னையில் வாழ்ந்து, 2015இல் கிளிநொச்சியிற் காலமானார். அவர் பெயர் தாங்கிய மாளிகையைத் தேடுதல் வீண். கட்டடக் கலை பயிலும் நம் மாணவர் வவுனியாவின் பழைய குடியேற்றங்களுக்குச் சென்று, வளவுகளையும் பாதைகளையும் கிணறுகளையும் அளந்து வரைபடமாக்குவாராயின், அவரை மதிப்பிடத் தக்க சான்று கிட்டும்.