வாக்குரிமையும் தண்டனையும்: ஊவா மலையக வரலாற்றின் ஒளியில் ஒரு விமர்சனம்

வாக்குரிமை நல்லொழுக்கத்துக்கு அரசு வழங்கும் பரிசா, அன்றிக் குடிமகன் என்னும் நிலையிலிருந்தே பிறக்கும் உரிமையா என்ற வினா அரசியற் சிந்தனையிற் பழையதொன்றாகும். இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு இவ்வினாவுக்கு ஒன்றோடொன்று பொருந்தாத இரு விடைகளைத் தருகின்றது. இறைமை மக்களுடையது, பாராதீனப்படுத்த முடியாதது, வாக்குரிமையும் அதனுள் அடங்கும் என்பது 3ஆம் உறுப்புரை. 89ஆம் உறுப்புரையோ, இரண்டாண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனைக்குரிய குற்றத்துக்காக ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனைக் காலத்தில் மட்டுமன்றி அது முடிந்த பின்னரும் ஏழாண்டுகளுக்கு வாக்காளராகும் தகுதியை இழப்பார் என்கின்றது.

இவ்விதியை ஊன்றி நோக்கின் அதன் குறைகள் வெளிப்படும். ஆறு மாதம் சிறையிருந்தவர் அதனைப் போற் பதினான்கு மடங்கு காலம் வாக்கற்றவராகின்றார். இருபதாண்டு சிறையிருந்தவருக்கும் விடுதலையின் பின் அதே ஏழாண்டுதான். குற்றத்தின் அளவுக்கும் இழப்பின் அளவுக்கும் இங்கே தொடர்பில்லை. மேலும், இதனை எந்த நீதிபதியும் விதிப்பதில்லை. தீர்ப்பிற் சொல்லப்படாத இத்தண்டனை தீர்ப்பின் நிழலாகத் தானே தொடர்கின்றது. பதுளைச் சிறைச்சாலையின் வாயிலைக் கடந்து வெளியே வருபவர் தண்டனையை முடித்துவிட்டார் எனச் சமூகம் கருதுகின்றது. வாக்காளர் இடாப்பு அவ்வாறு கருதுவதில்லை.

ஊவாத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இந்நிலை புதியதாகத் தோன்றாது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளுள் பதுளையும் ஒன்று. அத்தேர்தலில் தலவாக்கலையிலிருந்து தெரிவானவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரும் தம் தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தமையை நிறுவ வேண்டுமென்றது. பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் கொழுந்து பறித்த குடும்பங்கள் பலவற்றுக்கு அத்தகைய சான்றிதழ் ஏது? 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் சட்டத் திருத்தம் பிரசைகளல்லாதாரை இடாப்பிலிருந்து அகற்றியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு தொகுதிகளும் பறிபோயின.

தோட்டத் தொழிலாளரையும் தண்டனை பெற்றோரையும் ஒரு தட்டில் வைத்தல் தகுமா என்று சிலர் வினவக்கூடும். தகாது என்பதே விடை. தொழிலாளர் எக்குற்றமும் புரிந்தாரல்லர். எந்நீதிமன்றமும் அவர்களை விசாரிக்கவில்லை. குற்றவாளிக்கேனும் ஏழாண்டு என்னும் எல்லையுண்டு; அவர்களுக்கு அத்தகைய எல்லை எதுவும் வகுக்கப்படவில்லை. ஒப்புமை மனிதரிடத்தில் இல்லை. அதிகாரத்தின் போக்கிலேயே உண்டு. யாரை மக்கள் எனக் கொள்வது என்பதைத் தேர்தலுக்கு முன்னரே அரசு தீர்மானித்துவிட்டால், தேர்தல் அத்தீர்மானத்தைத் திருத்த வல்லதாகாது. இடாப்பில் இல்லாதவரின் குறையைக் கேட்க எந்த வேட்பாளரும் லயத்துப் படியேறுவதில்லை.

இதற்கு 1986ஆம் ஆண்டு தக்க சான்றாகும். 1964 ஒக்டோபரிற் சாஸ்திரியுடன் உடன்படிக்கை செய்து, 975,000 மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டவர் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னைய பேச்சுக்கு விடப்பட்டது. அவரது குடியியல் உரிமைகளே 1980 ஒக்டோபரில் ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன; 1986 ஜனவரியில் ஜனாதிபதியின் மன்னிப்பினால் மீண்டன. அதே ஆண்டில், நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 5ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. முன்னாட் பிரதமருக்கு ஒரு கையொப்பம் போதியதாயிற்று. தோட்ட மக்களுக்கு 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் பின்னும் வேண்டியிருந்தன. மன்னிப்பினால் மீளும் உரிமை செல்வாக்குள்ளாரையே முதலில் வந்தடையும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 89ஆம் உறுப்புரையும் முழுமன்னிப்புப் பெற்றவரின் தகுதியீனம் நீங்கும் என்றே கூறுகின்றது. மடுல்சீமைத் தொழிலாளியின் மனு ஜனாதிபதியின் மேசையை எட்டுவது எளிதா?

சட்டத்தை மீறியவர் சட்டமியற்றுவோரைத் தெரிவு செய்யலாகாது என்பது எதிர்த்தரப்பின் வலிய வாதம். ஆயின், தண்டனை முடிந்தவர் வரி செலுத்துகின்றார், சட்டத்துக்குக் கட்டுப்படுகின்றார், மீறினால் மீண்டும் தண்டிக்கப்படுகின்றார். கடமைகள் அனைத்தும் அன்றே மீள, உரிமை மட்டும் ஏழாண்டு காத்திருப்பது நியாயமாகாது. இந்தியாவின் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சிறையிலிருக்கும் காலத்துக்கே வாக்கைத் தடுக்கின்றது. தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 1999இலும், கனேடிய உயர் நீதிமன்றம் 2002இலும் கைதிகளின் வாக்குரிமையையே நிலைநாட்டின. அமெரிக்காவின் புளோரிடா மாநில மக்கள் 2018இல் தண்டனை முடித்தோர் பலருக்கு வாக்கை மீட்டளித்தனர். அடுத்த ஆண்டே அபராதங்களையும் கட்டணங்களையும் முற்றாகச் செலுத்தியிருத்தல் வேண்டும் என அம்மாநிலச் சட்டமன்றம் நிபந்தனை விதித்தது. ஒரு கையாற் கொடுத்ததை ஆவணத்தின் பேரால் மறு கையாற் பறிக்கும் இவ்வழக்கத்தை மலையக மக்கள் நன்கறிவர்.

ஆகவே 89ஆம் உறுப்புரையின் ஏழாண்டுத் தடை நீக்கப்பட வேண்டும். விடுதலை நாளிலேயே, மனுவும் மன்னிப்பும் வேண்டாது, வாக்குரிமை மீள வேண்டும். இடாப்பிற் பெயரைச் சேர்க்கும் பொறுப்பு விடுதலையானவரிடமன்றி அரசிடமே இருத்தல் வேண்டும். இக்கோரிக்கையை மலையகத் தமிழர் தமக்குரியதன்று என ஒதுக்குதல் ஆகாது. குற்றமற்ற பாட்டன் நாற்பதாண்டு காத்திருந்து பெற்ற வாக்கை, தண்டனையை முழுமையாக அனுபவித்து முடித்த பேரன் மேலும் ஏழாண்டு இழந்து நிற்பானாயின், அந்த லயத்தில் உரிமைப் போராட்டம் முடிந்துவிட்டதெனக் கூற எவருக்கும் தகுதியில்லை.