காசும் கேஷும்: ஒரு சொல்லா, இரு சொற்களா?

தமிழ்ச் சொற்கள் பிற மொழிகளில் கலந்திருப்பதை எடுத்துக்காட்டும் பட்டியல்களில் தவறாது இடம்பெறும் ஒன்று, ‘காசு’ என்பதே ஆங்கிலத்தில் ‘கேஷ்’ ஆயிற்று என்னும் கூற்று. பட்டிமன்ற மேடைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் இது ஐயத்துக்கு இடமற்ற உண்மையாகவே சொல்லப்படுகிறது. இக்கூற்றில் ஒரு பாதி உண்மை. மறு பாதி பிழை. இரண்டையும் பிரித்தறியாமல் முழுவதையும் ஏற்பதோ முழுவதையும் தள்ளுவதோ சரியன்று.

தமிழில் காசு

காசு என்பதற்குத் தமிழில் பல பொருள்கள் உள்ளன. பொன், பொன் நாணயம், செப்புக்காசு, பொதுவாகப் பணம், மணி, குற்றம் என அகராதிகள் பொருள் தருகின்றன. வெண்பாவின் ஈற்றுச்சீருக்குரிய நான்கு வாய்பாடுகளுள் ஒன்றும் ‘காசு’ ஆகும். சோழர் காலக் கல்வெட்டுகளில் காசு, ஈழக்காசு ஆகிய பெயர்கள் காணப்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கோயிலுக்கு முதலாக அளிக்கப்பட்ட காசுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, வட்டி பெறப்பட்டதைக் குறிக்கின்றன. ஐரோப்பியர் இந்நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காசு இங்கே முழு வழக்கில் இருந்தது என்பதற்கு இதுவே போதிய சான்று. மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் இச்சொல் உண்டு.

கடல் கடந்த காசு

போர்த்துக்கீசியர் 1498இல் கோழிக்கோட்டை அடைந்தனர். தென்னிந்தியாவில் புழங்கிய சிறுநாணயத்தின் பெயர் அவர்கள் காதில் ‘காசு’ என விழுந்தது. அவர்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் ‘கைஷா’ என்ற சொல் முன்பே இருந்தது. கேட்ட சொல்லைத் தெரிந்த சொல்லின் வடிவிலேயே அவர்கள் வழங்கினர். அவ்வடிவின் வழியாக, கீழை நாடுகளின் சிறுநாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ ஆங்கிலத்துக்கு வந்தது.

இந்தச் சொல் நெடுங்காலம் நிலைத்தது. ஆங்கிலேயரின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு வராகன். இம்முறை 1818 வரை நடைமுறையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்கென இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயங்களில் 10 கேஷ், 20 கேஷ் என்ற மதிப்புகள் பொறிக்கப்பட்டன. தரங்கம்பாடியில் டேனியர் தங்கள் நாணயத்தைக் ‘காஸ்’ என்றனர். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். நடுவில் சதுரத் துளையுடைய சீன நாணயத்தையும் ஆங்கிலேயர் ‘கேஷ்’ என்றே அழைத்தனர். சீனர் தம் மொழியில் அதற்கு வேறு பெயர்கள் வழங்கினர். சீன நாணயம் ஆங்கில நூல்களில் தமிழ்ப் பெயரால் அறியப்படுவது உண்மையிலேயே வியப்புக்குரியது.

பெட்டியிலிருந்து வந்த கேஷ்

ஆனால் இன்று கடையிலும் வங்கியிலும் கைப்பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு சொல். இலத்தீனில் ‘காப்சா’ என்றால் பெட்டி. அது இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ என்றும் பிரெஞ்சில் ‘கேஸ்’ என்றும் ஆயிற்று. ஆங்கிலத்தில் முதலில் பணப்பெட்டியையும், பின்பு பெட்டியில் உள்ள பணத்தையும் குறித்தது. நம் கடைக்காரர்கள் ‘கல்லா’ என்பதைப் பெட்டிக்கும் அதில் சேரும் பணத்துக்கும் சேர்த்தே சொல்வதை நினைத்தால் இம்மாற்றம் எளிதில் விளங்கும்.

காலமும் இதையே காட்டுகிறது. சுமார் 1599இல் எழுதப்பட்ட சேக்சுபியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில் கைப்பணம் என்ற பொருளில் ‘கேஷ்’ வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது 1600இன் இறுதியில்; சென்னையில் அது இடம் பெற்றது 1639இல். பெட்டி என்ற பொருளும் அதே காலத்து ஆங்கிலத்தில் பதிவாகியுள்ளது. ஆகவேதான் பெரிய ஆங்கில அகராதிகள் ஒரே எழுத்துகளால் ஆன இவ்விரு சொற்களையும் தனித்தனிப் பதிவுகளாகத் தருகின்றன.

ஒலி ஒப்புமை போதுமா?

இரு மொழிகளின் சொற்கள் ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பது ஆய்வின் தொடக்கமே, முடிவன்று. சொல் எப்போது பதிவானது, அப்போது என்ன பொருளில் வழங்கியது, யார் வழியாகச் சென்றது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை வேண்டும். நாணயப் பெயரான ‘கேஷ்’ இம்மூன்றிலும் தேறுகிறது. கைப்பணமான ‘கேஷ்’ தேறவில்லை.

இதே அளவுகோலைத் தமிழ்க் காசுக்கும் வைக்க வேண்டும். ‘கர்ஷம்’ என்ற வடமொழி எடைப்பெயரிலிருந்து காசு வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. அது திராவிடச் சொல்லே என்பது மற்றொரு கருத்து. முதற்கருத்தை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்வது ஆய்வாகாது.

தவறான ஒரு சான்றைப் பட்டியலில் சேர்ப்பதால் தமிழுக்குப் பெருமை கூடுவதில்லை. அது பிழையென்று தெரியவரும்போது, அதன் அருகில் நிற்கும் கட்டுமரம், மிளகுதண்ணீர் போன்ற உறுதியான சான்றுகளையும் படிப்பவர் ஐயுறுவர். ஆகையால் மாணவர்கள் ‘காசு கேஷ் ஆயிற்று’ என்று பொதுவாக எழுதாமல், ‘கீழை நாடுகளின் சிறுநாணயத்தைக் குறிக்கும் கேஷ், காசு என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாக வந்தது’ என்று எழுதுவதே பொருத்தம். இவ்வாறு எழுதினால் எவரும் மறுக்க இயலாது.