துப்பும் காதலும் ஒரே கண்ணால்

சீனச் சரித்திரத் தொடர் பார்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சிக்குப் பிணம் விழ வேண்டும், தடயம் கிடைக்க வேண்டும், குற்றவாளி யாரென்று கடைசிவரை பிடிபடக் கூடாது. மற்றக் கட்சிக்கு நாயகனும் நாயகியும் எந்தப் பகுதியில் கண்ணோடு கண் நோக்குவார்கள் என்பதுதான் துலக்க வேண்டிய மர்மம். 2019 டிசம்பர் கடைசியில் வெளிவந்த ‘ஜின் யி ஜி ஷியா’, அதாவது ‘பட்டாடைக்குக் கீழே’, இரண்டு கட்சியையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தது. மொத்தம் 55 பகுதிகள். முதல் பாதிவரை திண்ணையில் சண்டையே இல்லை. பின்பாதியில்தான் முணுமுணுப்பு கிளம்பியது: வழக்குக்காரர்கள் காதல் அதிகம் என்றார்கள், காதல்காரர்கள் கண்ணீர் அதிகம் என்றார்கள்.

என்னைக் கேட்டால், இந்தத் தொடரில் அந்தக் கட்சிப் பிரிவினைக்கே இடமில்லை. துப்புத் துலக்குவதும் காதலிப்பதும் இங்கே ஒரே வேலை. ஒருவரை விடாமல் உற்றுப் பார்ப்பது என்கிற வேலை. அது நடக்கிற வரைக்கும் தொடர் அபாரம். அது நின்றுபோகிற இடத்தில் தொடரும் தொய்கிறது.

கதை மிங் அரசின் ஜியாஜிங் பேரரசர் காலத்தில் நடக்கிறது. அரசவைக்கு வருவதையே நிறுத்திவிட்டு, சாகாவரம் தரும் மருந்து தேடிக்கொண்டிருந்த அரசர் அவர். ஆட்சி முதலமைச்சர் யான் சொங்கின் கையிலும் அவருடைய மகன் யான் ஷிஃபானின் கையிலும் இருந்தது. அரசரின் கண்ணும் காதுமாக ஜின்யிவெய் என்கிற படை. 1382ல் மிங் அரசின் முதல் பேரரசர் அமைத்தது. தனிச் சிறையும் தனி விசாரணையும் உண்டு. பெயரைக் கேட்டாலே பெரிய அதிகாரிகளும் எச்சில் விழுங்குவார்கள். அந்தப் படையின் தலைவருக்கு மகன் லூ யி, நாயகன். நாயகி யுவான் ஜின்ஷியா, ‘ஆறு கதவு’ என்று பெயர்கொண்ட துப்பறியும் அலுவலகத்தில் கடைநிலைக் காவலர். (அப்படியோர் அலுவலகம் வீரசாகசக் கதைகளில்தான் உண்டு, அரசாங்க ஏட்டில் கிடையாது. சீன ரசிகர்களுக்கும் அது தெரியும். யாரும் பொருட்படுத்துவதில்லை.) இருவருடைய முதல் சந்திப்பே ஒரு கைதிக்கு நடக்கிற இழுபறி. யார் பிடித்த ஆள், யாருக்குச் சேர வேண்டும் என்று. காதல் கதைக்கு இதைவிட நேர்மையான தொடக்கம் எனக்கு நினைவில்லை.

யாங்ஜோ நகரத்தில் ஆற்றுக்கரை செப்பனிட ஒதுக்கிய ஒரு லட்சம் தேல் வெள்ளி காணாமல் போகிறது. பொறுப்பிலிருந்த அதிகாரி தூக்கில் தொங்குகிறார். விசாரிக்க இருவரும் ஒரே கப்பலில் பெருங்கால்வாய் வழியாகத் தெற்கே போகிறார்கள். அந்தக் கப்பலில் இன்னொரு களவு. பெரிய இடத்துக்குப் போக வேண்டிய பிறந்தநாள் பரிசுப் பெட்டிகள் மாயம். சீன ரசிகருக்கு இங்கே ஒரு புன்னகை கட்டாயம் வரும். பிறந்தநாள் பரிசைக் கொள்ளையடிப்பது ‘நீர்க்கரை’ என்ற பழைய நாவலில் வருகிற, பிள்ளைகளும் அறிந்த சம்பவம். அதையே எடுத்து நடுத்தண்ணீரில், யாரும் ஏறவும் முடியாத இறங்கவும் முடியாத ஒரு கப்பலுக்குள் வைத்ததில் இருக்கிறது சாமர்த்தியம்.

அந்தக் கப்பல் பகுதிகளைக் களவுக்காக ஒரு தடவை பார்த்தவர்கள் லூ யியின் கண்ணுக்காக இன்னொரு தடவை பார்க்கலாம். பெட்டி எங்கே என்பது அவனுக்கு இரண்டாம் கவலை. இந்தப் பெண் எதைக் குனிந்து பார்க்கிறாள், எதை முகர்கிறாள், எந்த இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகிறாள் என்பதே முதல் கவலை. அவள் மேல் சந்தேகம். அதனால் கண்ணெடுக்காமல் பார்க்கிறான். பார்த்துப் பார்த்து அவளுடைய வேலைத்திறன் முழுவதும் அவனுக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது. தான் பரீட்சிக்கப்படுவது அவளுக்கும் தெரியும். தெரிந்தே கொஞ்சம் அதிகமாகக் காட்டிக்கொள்கிறாள். ‘உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ‘உன் அனுமானம் சரி’ என்று அவன் ஒரே ஒரு முறை ஒப்புக்கொள்கிறபோது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

அந்த முகம் டான் சோங்யுனுடையது. இந்தத் தொடர் யாருக்குப் பிடித்தாலும் முதலில் வருகிற பெயர் அதுதான். நியாயமான பாராட்டு. சரித்திரத் தொடர் நாயகிகள் பலர் அழகு கலையாமல் அழுவார்கள், அழகு கலையாமல் ஓடுவார்கள், சேற்றில் விழுந்தாலும் கொண்டை கலையாது. இவர் வாய் நிறையச் சோற்றோடு வழக்குப் பேசுகிறார். பயந்தால் தோள் காதுவரை ஏறுகிறது. காசுக் கணக்கு என்று வந்துவிட்டால் கண்மணி ஒரு ஓரத்துக்குப் போய் நின்று, கூட்டிக் கழித்து, திரும்பி வருகிறது. ஜின்ஷியாவின் காசாசை வெறும் நகைச்சுவைக்குத் தூவியது இல்லை. அநாதையாகி, வளர்த்தவர்களின் குடும்பத்தைக் கடைநிலைச் சம்பளத்தில் பார்க்கிறவளுக்கு ஒவ்வொரு காசும் நிஜம். அதிகாரி வீட்டுப் பிள்ளையான லூ யிக்குக் காசு என்றால் என்னவென்றே தெரியாது. இருவருக்கும் நடுவிலுள்ள வர்க்க தூரத்தை ஒரு வசனமும் இல்லாமல் அவளுடைய சுருக்குப்பை காட்டிவிடுகிறது.

லூ யியாக நடித்த ரென் ஜியாலுன் விஷயத்தில் ரசிகர்கள் பிளவுபட்டவர்கள். மரக்கட்டை மாதிரி நிற்கிறார் என்பது வழக்கமான புகார். எனக்கு அது புகாராகப் படவில்லை. ரகசியக் காவல்படைக்காரனின் முகம் அசையக் கூடாது. அசைந்தால் எதிரே இருப்பவன் படித்துவிடுவான். ஆகவே இந்த நடிகர் தன் வேலையை இமைக்குள் அடக்கிக்கொள்கிறார். பொய் கேட்டால் இமை பாதி இறங்கும். ஜின்ஷியா அபத்தமாக ஏதாவது சொன்னால், சிரிப்பு வாயோரத்துக்கு வருமுன்பே தலை வேறு பக்கம் திரும்பிவிடும். திரும்புகிற அந்த வேகம் முன்பாதியில் ஒரு மாதிரி, பிற்பாடு ஒரு மாதிரி. போகப்போகத் தாமதமாகத் திரும்புகிறார். சிறு வயதில் அவர் மேசைப்பந்து வீரராகப் பயிற்சி பெற்றவர். வாள் சண்டையில் மணிக்கட்டு மட்டும் சுழன்று உடம்பு அலட்டாமல் நிற்கிற லாவகம் அங்கிருந்து வந்ததோ என்று எனக்கொரு ஊகம்.

ஆடையைச் சொல்லாமல் விடக் கூடாது, தலைப்பே ஆடைதானே. ஜின்யிவெய் அதிகாரிகளின் பறக்கும் மீன் உடையில் இருப்பது உண்மையில் மீன் இல்லை. டிராகன் தலையும் இறக்கையும் மீன்வாலும் கொண்ட பிராணி. நிஜ டிராகன் அரசருக்கு மட்டும் உரியது. அதற்கு மிக அருகில் வந்து, வாலில் விலகுகிற ஒரு சின்னத்தை அணிவது பெரிய கௌரவம். எவ்வளவு அருகில் வந்தாலும் நீ அரசன் இல்லை என்கிற நினைவூட்டலும் அதே நூலில் நெய்யப்பட்டிருக்கிறது. இடுப்புக்குக் கீழே கொசுவம் வைத்த அந்த அங்கி, லூ யி நடக்கும்போது மடிப்பு மடிப்பாகத் திறந்து மூடுகிறது. பக்கத்திலே ஜின்ஷியா, எந்தச் சின்னமும் இல்லாத காவலர் உடுப்பில். அவள் உடுப்பின் நிறத்தைத் தொடர் முடிந்த மறுநாள் கேட்டால் யாருக்கும் சட்டென்று நினைவு வராது. வேண்டுமென்றே செய்தது என்றுதான் நினைக்கிறேன்.

முன்பாதியின் உச்சம் ‘அன்புடையோர் பிரிவு’ வழக்கு. அது ஒரு சித்திரவதைக் கருவியின் பெயர். பௌத்தம் எண்ணிச் சொல்லும் எட்டுத் துன்பங்களில் ஒன்றான பிரியமானவரைப் பிரிதலின் பெயரை, ஆள் கொல்லும் சாதனத்துக்கு வைத்திருக்கிறார்கள். கேட்கும்போதே முதுகு சில்லிடுகிறது. வழக்குக் கட்சிக்கு இது முதல்தரமான பயங்கரம். காதல் கட்சி, நாயகனும் நாயகியும் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப வெறும் தடயமாக உச்சரிப்பதைக் கவனிக்க வேண்டும். அது தங்களுக்கு வைத்த பெயர் என்று இருவருக்கும் அப்போது தெரியாது. மூல நாவலை எழுதிய லான்ஸே ஷி (நீலச் சிங்கம் என்று பொருள் தரும் புனைபெயர்) செய்த இந்தக் குறும்பைத் தொடரும் கெடுக்காமல் காப்பாற்றியிருக்கிறது.

இனிப் பின்பாதி. கதை தென்கிழக்குக் கடற்கரைக்கும் கடற்கொள்ளையருக்கும் போகிறது. விஷம், மாற்று மருந்து, துணைப் பாத்திரங்களின் காதல்கள். இவற்றை நான் ஓட்டித்தான் பார்த்தேன். ஓட்டாமல் பார்த்தவர்கள் பொறுமைசாலிகள். பிறகு வருகிறது பெற்றோர் பகை. ஜின்ஷியாவின் குடும்பம் அழிந்ததில் லூ யியின் தகப்பனுக்குப் பங்கு உண்டு என்று தெரிய வருகிறது. ரசிகர்கள் கோபப்பட்டது இங்கேதான், நானும் அவர்களோடு சேர்ந்துகொள்கிறேன். ஆனால் எனக்குக் கோபம் பகை வந்ததற்கு இல்லை. அது வந்தபின் இரண்டு பெரிய துப்பறிவாளர்களும் துப்பறிவதை விட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் அழுகிறார்கள், அதற்கு. கப்பலில் ஒரு பெட்டிக்குக் காட்டிய விசாரணைப் புத்தியில் கால்வாசியைத் தங்கள் குடும்பக் கதைக்குக் காட்டியிருந்தால் பத்துப் பகுதி மிச்சமாகியிருக்கும்.

அந்த இரகசியத்தை வைத்திருந்த ஆள் ஒருவர் மட்டும் விதிவிலக்கு. ஜின்ஷியாவின் குரு யாங் செங்வான். முன்னாள் ஜின்யிவெய்க்காரர், கால் ஊனமானவர். தொடர் முழுவதும் அவர் விந்தி விந்தி நடந்துகொண்டிருக்கிறார். இந்தக் காதலுக்கு ஏன் இப்படிக் குறுக்கே நிற்கிறார் என்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம். காரணம் விளங்கும்போது, தடயம் இத்தனை நாளும் நம் கண் முன்னாலேயே நடமாடியிருக்கிறது என்று புரிகிறது. குற்றக் கதை எழுதத் தெரிந்த கை செய்த வேலை அது.

பின்பாதியில் தொய்யாத தொடர் வேண்டும் என்பவர்களுக்கு 2021ல் வந்த ‘யூ சி சியாவ் வூ ஸுவோ’ உண்டு. ‘அரசர் அருளிய இளம் பிணப்பரிசோதகர்’ என்று பொருள். 36 பகுதிகள்தான். பெரிய நட்சத்திரங்கள் இல்லை. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே பரவியது. டாங் அரசில், பிணம் பரிசோதிக்கும் குடும்பத்தில் வளர்ந்த சூ சூ என்ற பெண் சியான்ஜோவிலிருந்து சாங்கான் நகரத்துக்குத் தேர்வு எழுத வருகிறாள். வழக்கு கள்ளச் செப்புக்காசு அச்சடிப்பவர்களை நோக்கிப் போகிறது. காதல் முற்றினாலும் அவள் கடைசிவரை பிணப்பரிசோதகராகவே இருக்கிறாள். சொங் ச்சி எழுதிய புகழ்பெற்ற பிணப்பரிசோதனை நூல் வந்தது 1247ல்; இந்தக் கதை அதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டு முந்தியது. ஆகவே சூ சூவின் அறிவு புத்தகத்திலிருந்து வராமல் தாத்தா, அப்பா, அண்ணன் என்று வீட்டு வழியாக வருவது பொருத்தமாக இருக்கிறது. பிணத்தைத் தொடுகிறவர்கள் என்று ஊர் தாழ்த்திப் பார்க்கும் தொழிலை அவள் எந்த வெட்கமும் இல்லாமல் பெருமையோடு சொல்லும் தொனி ஒன்றுக்காகவே பார்க்கலாம். சுத்தத்தில் இது மேல். ஆனால் டான் சோங்யுனின் வாய் நிறைந்த சோறு இதில் கிடைக்காது.

‘பட்டாடைக்குக் கீழே’ முடிவு பற்றிய மனக்குறைக்கு வருகிறேன். லூ யி சிறைக்குப் போகிறான், ஜின்ஷியா காத்திருக்கிறாள். வலிந்து சேர்த்த சோகம் என்று பலருக்கு வருத்தம். மிங் சரித்திர ஏட்டைப் புரட்டினால் வருத்தம் வேறு மாதிரி ஆகிவிடும். லூ யி கற்பனை ஆள் அல்ல. அவருடைய தகப்பன் லூ பிங்கின் தாய் ஜியாஜிங் அரசருக்குப் பாலூட்டிய செவிலி. 1539ல் பயணத்தில் தீப்பிடித்த முகாமிலிருந்து அரசரைத் தூக்கி வந்தவரும் இதே லூ பிங். அவர் மேல் அமைச்சர் ஷியா யான் நடவடிக்கை எடுக்கவிருந்தபோது பணம் கொடுத்துப் பார்த்து, பலிக்காமல், மண்டியிட்டு அழுது தப்பித்தார் என்று எழுதியிருக்கிறது. அந்த அவமானம் எலும்புவரை இறங்கியது. யான் சொங்கோடு சேர்ந்து ஷியா யானைக் கவிழ்த்தார். 1548ல் ஷியா யானின் தலை போயிற்று. தொடர் பெயர்களைச் சற்று மாற்றிக்கொண்டு இந்தப் பகையைத்தான் ஜின்ஷியாவின் பிறப்புக்குள் வைத்திருக்கிறது.

லூ பிங் 1560ல் இறந்தார். யான் ஷிஃபானுக்கு 1565ல் மரண தண்டனை. அடுத்த ஆட்சியில், செத்துப்போன லூ பிங் மேலேயே வழக்கு: பட்டங்கள் பறிப்பு, சொத்துப் பறிமுதல், மகன்களின் பதவி போயிற்று, கையாடியதாகக் கணக்கிட்ட பெருந்தொகையை மகன் லூ யி கட்டித் தீர்க்கும்வரை காவல். வீட்டில் இருந்ததெல்லாம் தீர்ந்து, 1575ல் அவர் மன்னிப்புக் கேட்டு மனுப் போட்டார். தீயில் அரசரைக் காத்த பழைய நன்றி கருதி விட்டுவிட்டார்கள். தொடரின் சிறை இதற்கு முன்னால் வெகு இலகுவானது. அத்தனை ஆண்டு கடன் கட்டிய அந்த வீட்டுக்குக் காசை எண்ணி முடிந்துவைக்கத் தெரிந்த ஒரு ஜின்ஷியா கிடைக்கவில்லை. நாவலாசிரியர் கொண்டுபோய் விட்டார்.