நூறு சதவீதத்தை எடைபோடல்

கைபேசிக் கோபுரம் இல்லாத இடத்தில் கருவிகளே ஒன்றுக்கொன்று செய்தியைக் கடத்த வேண்டும்; கருவிகளோ ஓரிடத்தில் நிற்பதில்லை. 1999-இல் பெர்க்கின்ஸும் ராயரும் முன்வைத்த ஏஓடிவி நெறிமுறை, தேவைப்படும்போது வலையெங்கும் வழி கேட்டு, கிடைத்த பாதையில் அனுப்பும். இணைப்பு அறுந்தால் மறுபடி கேட்கும். அனுப்புபவரிலிருந்து பெறுபவர் வரை முழுப்பாதை அந்த நேரத்தில் இருந்தாக வேண்டும். இல்லையேல் தேடல் மட்டுமே மிஞ்சும்.

டியூக் பல்கலைக்கழகத்தின் வாதத்தும் பெக்கரும் 2000-இல் இந்த நிபந்தனையையே கைவிட்டார்கள். எதிர்ப்படும் இரு கருவிகள் பட்டியலை ஒப்பிட்டு, தன்னிடம் இல்லாததை மற்றதிடமிருந்து நகலெடுத்துக்கொள்ளும்; கண்டவருக்கெல்லாம் ஒட்டும் தொற்றுநோய்போலச் செய்தி பரவும். எல்லாச் செய்திகளும் போய்ச் சேர்ந்தன என்பது அவர்களின் முடிவு.

எங்கே சேர்ந்தன? 1500 மீட்டருக்கு 300 மீட்டர் பரப்பில், 50 கருவிகள் இலக்கின்றி அலைந்த கணினிப் பாவனையில். குறைந்தபட்ச வேகம் பூஜ்யமாக இருந்தால் இவ்வகைப் பாவனையில் சராசரி வேகம் தேய்ந்துகொண்டே போகும் என்று 2003-இல் வேறொரு குழு காட்டியது. அது இங்கே பெரிய குற்றமல்ல. வேகம் குறைந்தால் சந்திப்பும் குறையும், ஆகவே அந்தப் பிழை ஆசிரியர்களுக்கே பாதகம். எனக்கு உறுத்துவது வேறு: எவரும் எவரையும் என்றாவது சந்திப்பார் என்ற எடுகோள். மனிதர்கள் அப்படித் திரிவதில்லை. வீடு, வேலை, கடைத்தெரு என்று சுற்றுகிறவர்கள். அடுத்த ஊருக்கே போகாதவர் கையில் ஆயிரம் நகல் இருந்தும் பயனில்லை.

நகல் பெருக்கத்தின் செலவும் உண்டு. கருவிகளும் செய்திகளும் கூடக்கூட நினைவகமும் பேட்டரியும் திணறும். 2005-இல் வந்த ‘தெளித்துக் காத்திரு’ முறை இதற்கு நேரடி மறுமொழி. நகல்களின் எண்ணிக்கைக்கு முதலிலேயே உச்சவரம்பு வைத்து, சந்திப்பவரிடம் பாதியைக் கொடுத்து, ஒன்றே மிஞ்சும்போது பெறுபவரை நேரில் காணும்வரை காத்திருக்கும். சிக்கனத்தில் இது தெளிவாக மேல். ஆனால் காத்திருப்பவரும் தன் வட்டத்துக்குள்ளேயே சுழல்கிறவராக இருந்தால் செய்தி அங்கேயே முடங்கும்.

ஆக, சுமந்து சென்று சேர்க்கும் கொள்கையை ஏற்கிறேன். 2004-இல் கென்யாவின் ஸ்வீட்வாட்டர்ஸ் காப்பகத்தில் வரிக்குதிரைகளின் கழுத்துப்பட்டைகள் தமக்குள் தரவைப் பகிர்ந்து, வண்டியில் வரும் ஆய்வாளரிடம் சேர்த்த ஏற்பாடு அதற்குக் களச்சான்று. நூறு சதவீதம் என்ற கூற்றை மட்டும் அந்தச் செவ்வகத்துக்கு வெளியே ஏற்க முடியாது. கருவிகள் நெருங்கியிருந்து இணைப்பு அரிதாக அறுமிடத்தில் ஏஓடிவியே போதும்.