வேஷம் பூண்பதும் களைவதும்

சித்தூரிலிருந்து பலமநேர் மார்க்கமாகப் பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மொகிலிக் கணவாய் ஏறுமுன் எதிர்ப்படும் பங்காருபாளையத்தை இன்றைய வியாபார உலகம் மாங்காய் மண்டிகளைக் கொண்டே அறியும். சரித்திரம் படித்தவர்களுக்கு அது வேறு விதமாகவும் தெரிந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பினியார் படை நடத்தி அடக்கிய சித்தூர்ப் பாளையங்களுள் பங்காரியும் ஒன்று. 1911-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி, வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்தெடுத்துச் சித்தூர் ஜில்லாவை உண்டாக்கிய பின்னும், 1953-இல் ஆந்திர ராஜ்யம் அமைந்த பின்னும், 2022-இல் திருப்பதி தனி ஜில்லாவாகப் பிரிந்த பின்னும், இப்பிரதேசத்துக் கிராமங்கள் பலவற்றில் தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டுக்குள் புழங்கி வருகின்றன. இந்த எல்லைச்சீமையின் சமய வாழ்விலே ஆராய்ச்சியாளர்களை வெகு தொலைவிலிருந்தும் வரவழைத்த ஒரு வழக்கம் உண்டு. தெய்வத்தைக் கும்பிடுவதோடு நில்லாமல், தெய்வத்தின் கதையிலுள்ள ஒரு பாத்திரத்தைத் தன் உடம்பில் ஏற்று, அந்தக் கதை நடந்த வழியே தானும் நடந்து, அது முடிந்ததும் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு மனிதன் வீடு திரும்புகிறான் என்பதே அது.

கங்கம்மை ஜாத்திரையிலும் திரௌபதியம்மன் பாரதத்திலும் இது நிகழ்கிறது. இவ்விரண்டையும் பற்றி எழுந்த நூல்களைப் படித்து, மேல்நாடுகளில் மேஜையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் கற்பனை உலக விளையாட்டுகளில் தெய்வங்கள் பெற்றிருக்கும் இடத்தையும் அவற்றோடு சேர்த்து நோக்குகையில், இம்மரபுகளில் தெய்வத்தின் கதையைக் காத்து வருவது ஏடு அன்று, வேஷத்துள் புகுவதற்கும் அதனின்று வெளியேறுவதற்கும் வகுக்கப்பட்டிருக்கும் நியமமே என்ற எண்ணம் எனக்கு உறுதிப்படுகிறது.

திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மை கோயிலின் ஜாத்திரை மே மாதத்தில் ஒரு வாரம் நடைபெறுவது. கங்கம்மை திருமலை வேங்கடவனுக்குத் தங்கை என்பது ஊரார் நம்பிக்கை. ஜாத்திரைக் காலத்தில் அண்ணன் வீட்டுச் சீராக மலைக்கோயிலிலிருந்து புடவையும் மஞ்சளும் குங்குமமும் வருகின்றன. அவிலாலா என்னும் கிராமம் அவளுடைய பிறந்தகம். ஊரை ஆண்ட ஒரு பாளையக்காரன் பெண்களைப் பலாத்காரம் செய்து வந்தான் என்றும், கங்கம்மையின்மேல் அவன் கைவைக்கத் துணிந்தபோது அவள் தன் சுயரூபத்தைக் காட்ட, அஞ்சி ஓடி ஒளிந்தான் என்றும், ஒளிந்தவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேஷமாகத் தெருத்தெருவாய் அலைந்தாள் என்றும் கதை சொல்கிறது. பைராகியாக வந்தாள், பண்டனாக வந்தாள், தோட்டியாக வந்தாள், அவன் வெளிப்படவில்லை. கடைசியில் தொரையாக, அவனுக்கும் மேலான பிரபுவாக வந்து நின்றபோதுதான் மரியாதை செய்ய அவன் வெளியே வந்தான், தலை துண்டிக்கப்பட்டான்.

இவ்வரிசையை அப்படியே ஜாத்திரை பின்பற்றுகிறது. செவ்வாய் இரவு ஊருக்குச் சாற்றுதல் நடந்தபின், புதனன்று பைராகி, வியாழனன்று பண்டன், வெள்ளியன்று தோட்டி, சனியன்று தொரை, அதற்கு மறுநாள் மாதங்கி என்று நாட்கள் நகர்கின்றன. பைராகிக்கு வெண்மண், பண்டனுக்குக் குங்குமம், தோட்டிக்குக் கரி, தொரைக்குச் சந்தனம் என உடம்பில் பூசும் பொருளும் மாறுகிறது. பண்ட வேஷத்தன்று வேஷதாரிகள் உரக்க உரைக்கும் வசைமொழிகளை வேறு எந்த நாளிலும் நாவால் உச்சரிக்கத் துணியமாட்டார்கள். அன்றோ அவை அம்மனுக்குச் செலுத்தும் காணிக்கை. பிரதான வேஷங்களைத் தரிக்கும் மிராசு, தமிழில் கைக்கோளர் என்று வழங்கும் கைகால வகுப்பைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு உரியது. மற்ற ஆடவர்கள் பிரார்த்தனையின்பொருட்டுத் தாமும் வேஷமிடுகிறார்கள். பெண்ணுடை தரித்துப் பூச்சூடி, குடும்பத்தோடு சந்நிதிக்கு வருகிறார்கள். வதம் முடிந்த மறுநாள் வரும் மாதங்கி வேஷத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பாளையக்காரனை இழந்த அவன் மனைவியைத் தேற்றுவதற்காக அம்மன் அந்த வடிவம் எடுத்தாளாம். கொன்றவளே பகைவன் வீட்டுப் பெண்ணின் கண்ணீரைத் துடைக்கப் போகும் இந்தக் கட்டத்தை ஆக்கியவர் எவரோ, அவர் பெருங்கவி.

நிறைவில், கோயில் முன்னே களிமண்ணால் சமைக்கப்படும் விஸ்வரூப முகத்தின் கன்னத்தை வேஷதாரி சிதைக்க, மண்ணை ஜனங்கள் மருந்தாக வாரிச் செல்கிறார்கள். ஒரு வாரமாக ஏறி நின்ற உக்கிரம் அத்துடன் இறங்குகிறது. வேஷம் களையப்பட்டாலொழிய ஜாத்திரை முடியாது.

இத்தகைய வழிபாடுகளை முதலில் எழுதி வைத்தவர்கள் பாதிரிமார்களே. 1915-இல் வெளிவந்த எல்மோரின் நூலும், 1916-இல் வெளிவந்த சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட்டின் கிராம தேவதைகள் நூலும் செய்திகளைத் திரட்டித் தந்த அளவில் இன்றும் பயன்படுவன. ஆயினும் பலியையும் இரத்தத்தையும் எழுதிய அளவுக்கு, ஒரு நெசவாளி ஏன் பிரபுவாக மாறித் தெருவில் நடக்கிறான் என்ற கேள்வியை அவர்கள் பொருட்படுத்தினார்களில்லை. டான் ஹாண்டல்மன் 1995-இல் வெளியான ஒரு கட்டுரையில் திருப்பதி வேஷங்களை ஆராய்ந்து, இங்கே ஆண்தான் மாற்றம் அடைகிறான் என்பதை எடுத்துக் காட்டினார். பல ஆண்டுகள் திருப்பதியில் பழகி ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் எழுதி 2013-இல் வெளியிட்ட நூலே இத்துறையில் தலையாயது. சக்தி பெண்களிடம் இயல்பாகவே உறைகிறது, ஆகையால் அவர்களுக்கு வேஷம் வேண்டியதில்லை. ஆண்கள் அதனை அறிந்துகொள்வதற்கு வேஷத்தின் வழியாகவே செல்லவேண்டும் என்பது அவர் முடிவு. மஞ்சள் பூசிப் பொங்கலிட வரும் பெண்களையும் வேஷமிட்டு வரும் ஆண்களையும் ஒருசேரப் பார்த்தவர்கள் இம்முடிவை எளிதில் மறுத்துவிட முடியாது.

இனிப் பாரதம். திரௌபதியம்மனுக்குச் செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியை மூல க்ஷேத்திரமாகச் சொல்லும் மரபை ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988-இலும் 1991-இலும் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகளில் விரிவாக ஆராய்ந்தார். அவ்வழிபாட்டின் எல்லை தொண்டை நாட்டையும் கடந்து சித்தூர்ச் சீமைக்குள் பரவியிருக்கிறது. இலங்கையில் உடப்பிலும் பாண்டிருப்பிலும், சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலிலும் அதே அம்மனுக்குத் தீமிதி நடக்கிறது. கொடியேற்றிக் காப்புக் கட்டியபின், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பதினெட்டு நாளோ அதற்கு மேலோ கதை நடைபெறும். எல்லைக்கு இப்பால் பிரசங்கி வில்லிபுத்தூராரைப் பற்றிக்கொண்டு செல்வார். அப்பால் கவித்திரயத்தின் தெலுங்குப் பாரதத்தைப் பற்றிக்கொண்டு செல்வார். அர்ச்சுனன் வேஷதாரி தபசு மரத்தின்மேல் ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழத்தையும் விபூதியையும் எறியும்போது, பிள்ளை வரம் வேண்டி ஈரப்புடவையோடு கீழே காத்திருக்கும் பெண்களுக்கு அவன் நடிகனல்லன். தரையில் மண்ணால் வனைந்து கிடத்திய துரியோதனன் தொடை பிளக்கப்பட்டு, விரிந்த கூந்தலைத் திரௌபதி முடிந்த பின்னரே தீமிதி.

இந்தக் கூத்தின் ஒரு நுட்பம் என் கருத்துக்கு இன்றியமையாதது. வஸ்திராபஹரணக் கட்டத்தில் துச்சாதனன் வேஷம் போட்டவர், சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் ஏற்றி, அம்மா, இது வேஷத்தின் செயல், என்னைப் பொறுத்தருள வேண்டும் என்ற கருத்துப்பட வேண்டிக்கொள்வது வழக்கம். ஆவேசம் வந்து மேடையிலேயே விழுகிறவர்களும் உண்டு. அவர்களை விபூதியிட்டு மீட்டபின் கூத்து தொடரும். ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990-இல் வெளியிட்ட தெருக்கூத்து நூல் இந்த ஆவேசத்தை அடிப்படையாகக் கொண்டது. காஞ்சிபுரம் வட்டாரத்துக் கட்டைக்கூத்தை ஆராய்ந்த ஹன்னே டி புரூயின் 1999-இல் எழுதியதோ, சந்தர்ப்பத்துக்கும் சபைக்கும் ஏற்ப வளைந்து கொடுப்பதே அக்கலையின் வலிமை என்று நிறுவுவது. இரண்டும் உண்மையே. வளைந்து கொடுக்கும் கதை, வளையாத நியமம் என்ற இரண்டினாலும் அது நிற்கிறது.

கதை எவ்வளவு வளைகிறது என்பதை அறிய விரும்புகிறவர்கள் கூத்து நடக்கும் ஊரில் விடியற்காலையில் கூட்டத்தோடு அமர்ந்து கேட்கவேண்டும். போத்துராஜா அம்மனுக்குத் தம்பியா, சேனாபதியா, பணிந்த பகைவனா. வீரபாஞ்சாலியாகத் திரௌபதி இரண்டாம் முறை பிறந்தது எதற்காக. முத்தால் ராவுத்தன் எவ்விதம் அம்மனின் காவலனானான் என்று வயோதிகர்களும் வாலிபர்களும் வாதிடுவார்கள். வியாசரில் இல்லையே என்று எவரேனும் சொன்னால், வியாசருக்கு எல்லாம் சொல்ல அவகாசம் இருந்ததா என்பதுபோல் பதில் வரும். இந்த வாதம் பக்தியின் குறைவைக் காட்டுவதன்று. தெய்வத்தின் வரலாற்றைத் தமக்கு உரிய சொத்தாகக் கருதுகிறவர்களே அதைப் பற்றி இவ்வளவு சண்டையிடுவார்கள்.

இதே சண்டை, மேல்நாட்டில் ஓர் எதிர்பாராத இடத்தில் கேட்கிறது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் விளையாட்டை வெளியிட்டனர். ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிச் செயல்பட, சிக்கலான கட்டங்களைப் பகடை தீர்மானிக்கும். 1980-இல் அவ்விளையாட்டுக்குத் துணையாக வந்த தெய்வங்களின் தொகுப்பு நூலில், பல தேசத்துத் தெய்வங்களோடு இந்திரன், அக்னி, காளி, யமன் முதலானோருக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கி, ஒவ்வொருவருக்கும் இவ்வளவு உயிர்ப்பலம், இவ்வளவு கவசபலம் என்று எண்ணிட்டு வைத்தார்கள். எண்ணிட்ட தெய்வத்தோடு போர் செய்யலாம். அதன் கதைக்குள் நுழைய முடியாது.

கிரெக் ஸ்டாஃபோர்டு என்பவர் 1966 முதல் கற்பனை செய்துவந்த குளோராந்தா என்னும் உலகம் இதற்கு நேர்மாறானது. 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் விளையாட்டு அவ்வுலகைக் களமாகக் கொண்டது; மறு ஆண்டில் ஸ்டீவ் பெரின், ஸ்டாஃபோர்டு இருவரும் வெளியிட்ட பிராக்ஸ் நாட்டு வழிபாடுகள் பற்றிய நூல், ஒவ்வொரு தெய்வத்துக்கும் புராணம், அடியாராகும் தகுதி, தீட்சை, விலக்குகள் ஆகியவற்றை ஒரு சமய ஆராய்ச்சி நூலின் கௌரவத்தோடு வகுத்துக் காட்டியது. அவ்வுலகின் தெய்வங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையால் காலத்துக்குள் தாமாக இயங்க முடியாதவை. அடியான் ஒருவன் தெய்வத்தின் வேடம் ஏற்று, அதன் புராணப் பாதையில் படிப்படியாக நடந்து, அங்கே பெற்ற பயனை ஊருக்குக் கொண்டு வரவேண்டும். வழி தவறினால் அவனுக்கு மட்டுமின்றி அவன் ஊருக்கும் கேடு. புராணங்களை வெறும் கருவிகளாகக் கருதிய ஒரு பண்டிதக் கூட்டம், இரண்டு நில தேவிகளை இடம்மாற்றி வழிபடச் செய்து பரீட்சித்ததால் நாடு விளைச்சலற்றுப் போன கதையும் அவ்வுலகின் வரலாற்றில் உண்டு. தெய்வ ஆராய்ச்சியில் இறங்குகிற ஒவ்வொருவரும் அதனை ஒருமுறை படிக்கவேண்டும் என்பேன்.

2018-இல் ஸ்டாஃபோர்டு காலமானார். எந்தப் புராணம் மெய்யானது, எந்தத் தேவி எவளுடைய மகள் என்று அவ்வுலகின் ரசிகர்கள் அரை நூற்றாண்டாக நடத்திவரும் வாதங்களுக்கு அவர் வாழ்நாளிலேயே ஒரு வழக்கு ஏற்பட்டுவிட்டது: உன் குளோராந்தா என்னுடையதினின்றும் வேறாயிருக்கலாம். அச்சிட்ட நூல் ஒன்று, ஆடப்படும் மேஜைகள் பல. சித்தூர்ச் சீமையில் நிலைமை மறுதலையானது. இங்கே முதல் அச்சு என்று ஒன்று இல்லை, ஆனால் தோட்டிக்கு முன் தொரை வருவதில்லை, காப்பு அவிழுமுன் விரதம் முடிவதில்லை. கதையைப் பற்றிய வாதம் எத்தனை முற்றினும் வரிசை கலைவதில்லை. மேஜை விளையாட்டில் ஆடுகிறவர் பாத்திரத்தினின்று எழுந்து போக எந்த நியமமும் வேண்டாதிருப்பதற்குக் காரணம், அவர் உடம்பையும் குடும்பத்தையும் அதில் ஈடு வைக்கவில்லை என்பதே.

2024-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான புஷ்பா திரைப்படத்தின் இரண்டாம் பாகத்தில் கதாநாயகன் சேலையுடுத்து உடம்பில் நீலம் பூசி ஆடிய ஜாத்திரைக் காட்சியால், கங்கம்மையின் பெயர் அதுவரை கேளாதவர் செவிக்கும் எட்டியது. வேஷத்தின் அழகு அதில் இருக்கிறது, வரிசை இல்லை. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. இச்சீமையில் கங்கம்மையோடு தொடர்புடைய மாதம்மா என்னும் வழக்கம் உண்டு. நோயுற்ற பெண் குழந்தை பிழைத்தால் அம்மனுக்கே விடுவதாக வேண்டிக்கொண்டு, தாலி கட்டி அர்ப்பணிப்பது. இவ்வாறு விடப்பட்டவர்களில் மிகப் பலர் அருந்ததியர், மாதிகர் முதலிய தாழ்த்தப்பட்ட சாதியினர். ஃப்ளூக்கிகர் தம் நூலில் இத்தகைய பெண்களுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அம்மனோடு தாலி மாற்றிக்கொண்டதால் அவர்களுக்குக் கிட்டும் பாதுகாப்பையும் நடமாட்ட சுதந்திரத்தையும் பரிவோடு எடுத்துரைக்கிறார். அவர் கேட்டறிந்த பெண்கள் அவ்வாறு உணர்ந்திருக்கலாம். அதை மறுக்க எனக்கு அதிகாரமில்லை. ஆனால் கைகாலக் குடும்பத்து ஆண்மகன் ஏற்கும் மாதங்கி வேஷம் ஜாத்திரையோடு களையப்படுகிறது; மாதம்மாவாக விடப்பட்ட சிறுமியின் மேல் ஏற்றிய பாத்திரத்தைக் களைவதற்கு எந்த நாளும் எந்தச் சடங்கும் வகுக்கப்படவில்லை. அவளுக்கு மணவாழ்வு மறுக்கப்படுவதும், ஊரில் வலியவர் இச்சைக்கு அவள் ஆளாவதும் அதனால் நேர்ந்தவை. 1988-ஆம் வருஷத்து ஆந்திரப் பிரதேச தேவதாசி ஒழிப்புச் சட்டம் பசவி, ஜோகினி முதலிய பெயர்களோடு மாதம்மா என்ற பெயரையும் குறித்தே தடை செய்தது.

பெண்களைப் பாளையக்காரனிடமிருந்து மீட்ட அம்மனின் கதையை ஆண்கள் சொல்லக் கேட்டு நிறைய எழுதியாயிற்று. மாதம்மாக்கள் முதுமையடைந்து வருகிறார்கள். கங்கம்மை எதற்காக அத்தனை வேஷம் போட்டாள், வதத்தின் மறுநாள் அந்த வீட்டுப் பெண்ணிடம் போய் என்ன சொன்னாள் என்பதை அவர்கள் வாய்மொழியாக, அவர்கள் பேசும் தமிழிலும் தெலுங்கிலும், ஊர் ஊராகச் சென்று தொகுப்பதே இத்துறையில் அடுத்து இறங்குகிறவர் முதலில் செய்யவேண்டிய காரியம்.