தொலைதூர இணைப்பு ஏன் தவழ்கிறது: ஐபெர்ஃப்3 சொல்லும் விடை

சென்னையில் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. வேகச் சோதனைச் செயலியும் 300 என்றே காட்டுகிறது. அதே இணைப்பில், அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள சர்வரிலிருந்து ஒரு பெரிய கோப்பை இறக்கினால் வேகம் 10ஐக்கூடத் தொடாமல் போகலாம். இரண்டு எண்களும் உண்மைதான். செயலி பெரும்பாலும் பக்கத்திலிருக்கும் சர்வரை, பல இணைப்புகளை ஒருசேரத் திறந்து சோதிக்கிறது. கோப்போ உலகின் மறுபக்கத்திலிருந்து ஒற்றை டிசிபி இணைப்பில் வருகிறது. இந்த வேறுபாட்டின் காரணத்தைக் கண்டுபிடிக்க, அமெரிக்க ஆய்வு நெட்வொர்க்கான எஸ்நெட்டும் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகமும் இலவசமாகத் தரும் ஐபெர்ஃப்3 நிரலையே முதலில் கையில் எடுக்க வேண்டும் என்பேன். வேகத்தோடு நிற்காமல், அந்த வேகத்தை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதையும் அது பிரித்துக் காட்டுகிறது.

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னைக்கும் வர்ஜீனியாவுக்கும் நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 130 மில்லிவினாடியாவது வேண்டும். கேபிள்கள் சுற்றிப் போவதால் நடைமுறையில் 200ஐத் தாண்டிவிடும். எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் இந்த நேரம் குறையாது. டிசிபி, ஒப்புகை வராமல் ஓரளவுக்கு மேல் அனுப்பாது. அந்த அளவுதான் விண்டோ. 1981இன் வரையறைப்படி அதன் உச்சம் 65,535 பைட். 200 மில்லிவினாடித் தொலைவில் அது 2.6 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் தராது. 1992இல் வந்த விண்டோ விரிவாக்கம் அந்த வரம்பை நீக்கியது. ஆனாலும் பழைய நிரலொன்று விண்டோவுக்கு இடம் தரும் நினைவகப் பகுதியான பஃபரைச் சிறிதாகவே கட்டாயமாக்கினால் அதே சிறைதான். 100 எம்பிபிஎஸ் வேண்டுமானால் 2.5 மெகாபைட் தரவு எப்போதும் வழியில் இருந்தாக வேண்டும். ஐபெர்ஃப்3இல் விண்டோவை நாமே மாற்றிப் பார்க்கலாம். அதற்கேற்ப வேகமும் ஏறினால் பிடிபட்டது பஃபர். ஏறாவிட்டால், லினக்ஸில் அது காட்டும் மறு அனுப்பல் எண்ணிக்கையைப் பாருங்கள். பத்தாயிரம் பாக்கெட்டில் ஒன்று தொலைந்தால், 1997இல் மாத்திஸ் குழு தந்த சூத்திரப்படி, 10 மில்லிவினாடித் தொலைவில் 140 எம்பிபிஎஸ் கிடைக்கும். 200 மில்லிவினாடியில் 7தான். லினக்ஸ் 2006 முதல் பயன்படுத்தும் க்யூபிக் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை இதைவிட நன்றாகச் சமாளிக்கும், ஆனால் தொலைவு கூடக்கூட அதுவும் சரியும். உள்ளூர்ச் சோதனையில் சுத்தமாகத் தெரியும் லைன், கடல் தாண்டினால் தவழ்வது இதனால்தான்.

பல இணைப்புகளைத் திறந்துவிட்டால் தீர்ந்ததே என்பார்கள். எட்டு இணைப்புகளோடு சோதித்து, மொத்த வேகம் ஏறக்குறைய எட்டு மடங்கானால், பாதையில் இடம் இருக்கிறது, ஒற்றை இணைப்பால் அதை நிரப்ப முடியவில்லை என்று தெரிந்துவிடும். நோயறிய இது அருமையான வழி; மருந்தாக அரைகுறை. ஒற்றை இணைப்பில் ஓடும் பேக்கப் நிரலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, இழப்பும் அப்படியே இருக்கும். இழப்பைச் சமாளிக்க வேறு வழி உண்டு: கூகுள் 2016இல் வெளியிட்ட பிபிஆர் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை, தொலைந்த ஒவ்வொரு பாக்கெட்டையும் நெரிசலின் அடையாளமாகக் கொள்வதில்லை. அனுப்பும் பக்கத்தில் மட்டும் மாற்றினால் போதும். லினக்ஸில் ஐபெர்ஃப்3 மூலமே அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இழப்புக்கு உண்மையான நெரிசலே காரணமாக இருந்தால் மட்டும், பிபிஆர் மற்றவர்களின் பங்கையும் பிடுங்கக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

குறைகள் உண்டு. கட்டளை வரியில்தான் இயங்கும், இரு முனையிலும் நிறுவ வேண்டும், விண்டோஸுக்கு அதிகாரபூர்வ ஆதரவு கிடையாது. இயல்பாக ஓடும் 10 வினாடி, மெதுவாக வேகம் பிடிக்கும் நெடுந்தொலைவுக்குப் போதாது; ஒரு நிமிடம் ஓடவிட்டு, முதல் சில வினாடிகளைக் கணக்கிலிருந்து விலக்குவது நல்லது. பதிவிறக்கத்தை அளக்கத் திசையையும் திருப்ப வேண்டும். டிஸ்க்கையும் எஸ்எஸ்எச்சையும் அது அளப்பதில்லையே என்ற புகாரை மட்டும் நான் ஏற்க மாட்டேன். அதே 200 மில்லிவினாடித் தொலைவில், ஐபெர்ஃப்3 200 எம்பிபிஎஸ் காட்டும் பாதையில், எஸ்எஸ்எச் வழியே கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி 80ஐத் தாண்டாவிட்டால், நெட்வொர்க்கின் மேல் பழி போட முடியாது: ஓப்பன்எஸ்எஸ்எச் தனக்குள் வைத்திருக்கும் சுமார் 2 மெகாபைட் விண்டோவே அங்கே தடை. பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்தின் எச்பிஎன்-எஸ்எஸ்எச் அந்தத் தடையை நீக்கத்தான் எழுதப்பட்டது.